பக்கத்து அலமாரி

என்னை வாசகியாக்கியது குடும்ப நாவல்கள்தான். அங்கிருந்து வேறு வகைப் புத்தகங்களுக்கு எப்படிப் போனேன் என்று சொல்கிறேன். மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் பட்டணத்திலிருந்து உள்ளே தள்ளியிருந்த ஒரு ரப்பர் தோட்டத்தில், தொழிலாளர் லயத்து வீட்டில் வளர்ந்தேன். அம்மாவும் அப்பாவும் ரப்பர் பால்வெட்டு. யாராவது ஈப்போவுக்குப் போனால் தமிழ்நாட்டிலிருந்து வரும் மாத நாவல் ஒன்றோ இரண்டோ வாங்கி வருவார்கள். அது லயம் முழுக்கச் சுற்றும். எங்கள் வீட்டுக்கு வந்து சேரும்போது அட்டை கழன்று, கோணி தைக்கும் நூலால் யாரோ தைத்து வைத்திருப்பார்கள். கடைசிப் பக்கங்கள் பல தடவை இருக்காது. பைப்படியில் தண்ணீர் பிடிக்கும்போது பெண்கள் முடிவை ஆளுக்கொரு விதமாகச் சொல்வார்கள். அம்மா தனக்குப் பிடித்த முடிவை எடுத்துக்கொள்வார்.

குடும்ப நாவல் படிக்கிறவர்களைப் பார்த்து உதட்டைப் பிதுக்குகிறவர்களை எனக்குப் பிடிக்காது. எங்கள் லயத்தில் அவற்றைப் படித்தவர்கள் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்ற பெண்கள். விடியுமுன் எழுந்து பெரட்டுக்கு (பேர் கூப்பிடும் இடம்) போய், தங்கள் நிரை மரங்களை வெட்டி முடித்து, வீடு வந்து சமைத்துத் துவைத்து, அதற்கப்புறமும் ஒரு புத்தகத்தோடு உட்கார்ந்தார்கள் என்றால் அந்தப் புத்தகத்துக்கு ஒரு மரியாதை உண்டு. உட்கார்ந்த இடத்தில் நூறு பக்கம் வாசிக்கும் பழக்கம் எனக்கு அங்கிருந்துதான் வந்தது. இன்றைக்கும் உடம்புக்கு முடியாத நாளில் என் கை அதைத்தான் தேடும்.

ஆனால் நாற்பதைத் தாண்டிய பிறகு ஒன்று உறைத்தது. மூன்றாம் அத்தியாயத்திலேயே கதை எங்கே போய் நிற்கும் என்று தெரிந்துவிடுகிறது. அது கூடப் பரவாயில்லை. நான் படித்த எதிலும் எங்கள் ஊர் இல்லை. கதாநாயகி சென்னையில் மாடிவீட்டில் இருப்பாள், கோயம்புத்தூரில் மில் வைத்திருக்கும் குடும்பத்துக்கு மருமகளாகப் போவாள். பால்மரம் இல்லை, செம்பனை (எண்ணெய்ப் பனை) இல்லை, பசார் மாலாம் என்கிற இரவுச் சந்தை இல்லை. மலாய்க்காரரும் சீனரும் ஓரமாகக்கூட நடந்து போகவில்லை. தினமும் என்னோடு பேசுகிற, பக்கத்து மேசையில் உட்கார்ந்திருக்கிற மனிதர்களில் பாதிப் பேர் என் வாசிப்புக்குள் வரவே இல்லை. இது எனக்குப் பெரிய விஷயமாகப் பட்டது.

நான் தோட்ட ஆபீஸில் கிராணியாக (குமாஸ்தா) இருக்கிறேன். பக்கத்து மேசைக்காரர் கெடா மாநிலத்திலிருந்து கல்யாணம் கட்டி இங்கே வந்தவர், வயல்காட்டு மலாய்ப் பெண். 'காக்' என்றுதான் கூப்பிடுவேன், மலாயில் அக்கா. நான் சாப்பாட்டு நேரத்தில் புத்தகமும் கையுமாக இருப்பதைப் பார்த்துவிட்டு, எங்கள் ஊர்க் கதை ஒன்று படிக்கிறாயா என்று ஒரு நாள் கொண்டுவந்து கொடுத்தார். ஷானோன் அகமட் எழுதிய 'ரஞ்சாவ் செப்பாஞ்சாங் ஜாலான்'. 1966இல் வந்த நாவல். எழுதியவரும் கெடாக்காரர்.

என் மலாய் பள்ளியில் எஸ்.பி.எம். பரீட்சைக்குப் படித்த மலாய், அப்புறம் ஆபீஸ் கடிதத்து மலாய். மார்க்கெட்டில் மீன் விலை பேச அது போதும், நாவலுக்குப் போதவில்லை. முதல் பக்கங்களில் அகராதியைப் புரட்டிப் புரட்டி வாக்கியமே கையை விட்டு நழுவியது. காக்தான் வழி சொன்னார்: அகராதியை மூடு, சத்தமாகப் படி. வீட்டில் பாத்திரம் கழுவி முடித்தபின் சமையலறையில் நின்றுகொண்டு வாய்விட்டுப் படித்தேன். தெரியாத சொல் வந்தால் அப்படியே தாண்டினேன். கொஞ்ச தூரம் போனதும் காது பழகிவிட்டது. ஒரே சொல் நாலைந்து இடத்தில் வரும்போது அதன் பொருள் தானாகவே விளங்கியது. விளங்காத வயல்வேலைச் சொற்களை மறுநாள் காக்கிடம் கேட்டுக்கொண்டேன். வேறு மொழியில் வாசிக்கத் தயங்குகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். வாய்விட்டுப் படியுங்கள், பக்கத்துக்குப் பக்கம் நிற்காதீர்கள்.

கதை ஒரு நெல் விவசாயக் குடும்பம். லாஹுமா, மனைவி ஜேஹா, ஏழும் பெண் பிள்ளைகள். லாஹுமா காலில் நிபோங் மரத்து முள் ஏறுகிறது. சின்ன முள். அது புரையோடி, கால் வீங்கி, வீக்கம் உடம்புக்கு ஏறி மனிதன் கிடையில் விழுகிறான். வயலை ஜேஹாவும் பிள்ளைகளும் பார்க்கிறார்கள். நாற்றை நண்டு வெட்டுகிறது, கதிர் முற்றும்போது சிட்டுக்குருவி மாதிரியான தியாக் பறவைகள் கூட்டமாக வந்து இறங்குகின்றன. ஜேஹாவின் மனம் பேதலிக்கிறது.

அந்த முள் பகுதியைப் படித்த இரவு என்னால் மேலே போக முடியவில்லை. என் அம்மாவின் வலது குதிகாலில் ஒரு குழி உண்டு. இருட்டில் நிரைக்குப் போகும்போது வெட்டிவிட்ட செடியின் கூர்க்கட்டை ஏறியது. தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெஸ்ஸரிடம் போனால் அன்றைய பேர், அதாவது அன்றைய சம்பளம், போய்விடும் என்று துணியைக் கட்டிக்கொண்டு வேலை செய்தார். வெயில் நாளில் அந்த இடம் இன்னும் வெடிக்கும், நான் எண்ணெய் தடவி விடுவேன். கெடாவில் வயலில் நிற்கும் ஒரு மலாய்க் குடும்பத்துக்கும் பேராக்கில் பால்மரத்தடியில் நின்ற எங்களுக்கும் நடுவில் இருந்தது அவ்வளவு சின்ன தூரம்தானா என்று நினைத்து நினைத்து அழுதேன். மறுநாள் காக்கிடம் அம்மாவின் காலைப் பற்றிச் சொன்னேன். அவர் தன் அப்பாவைப் பற்றிச் சொன்னார். அத்தனை வருடம் பக்கத்துப் பக்கத்து மேசையில் இருந்தும் நாங்கள் பேசாத பேச்சு அது.

வேறு வகைப் புத்தகம் படிக்க வேண்டும் என்று யாராவது கேட்டால், உலகமே புகழ்கிற கனமான புத்தகத்தை முதலில் தூக்காதீர்கள் என்பேன். உங்கள் வாழ்க்கையின் ஏதாவது ஒரு ஓரத்தைத் தொடுகிற புத்தகமாகப் பாருங்கள். மொழி புதிதாக இருக்கலாம், எழுதும் முறை புதிதாக இருக்கலாம், ஆனால் உள்ளே இருக்கிற வேலை, பசி, வீடு ஏதோ ஒன்று உங்களுக்குத் தெரிந்ததாக இருக்க வேண்டும். அதைப் பிடித்துக்கொண்டே மற்றதைக் கடந்துவிடலாம்.

அடுத்து நான் போனது சரித்திரத்துக்கு. நேராகச் சரித்திரப் புத்தகத்துக்குப் போகவில்லை. நம் நாட்டு எழுத்தாளர் அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' நாவல் நடுவில் வந்தது. சப்பான்காரன் காலத்தில் தோட்டங்களிலிருந்து சயாம் (தாய்லாந்து) ரயில் பாதை போடக் கொண்டுபோனவர்களின் கதை. எங்கள் தாத்தாவின் அண்ணன் ஒருவர் அப்படிப் போய்த் திரும்பாதவர். வீட்டில் அவருக்குப் படம் கிடையாது. ஆடி அமாவாசையில் அவர் பேரையும் சொல்லித் தண்ணீர் விடுவார்கள், அவ்வளவுதான். நாவலைப் படித்த பிறகு மீதியைத் தெரிந்துகொள்ளாமல் இருக்க முடியவில்லை. தேடித் தேடிப் படித்தேன். சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர், 1942இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்த பாதை. ஆங்கிலப் படங்களில் காட்டப்படுவது வெள்ளைக்காரப் போர்க்கைதிகள். அவர்களைவிடப் பல மடங்கு அதிகமாகச் செத்தவர்கள் தமிழர், மலாய்க்காரர், பர்மியர், ஜாவாக்காரர் என்று ஆசியத் தொழிலாளர்கள். இதைப் பாடப்புத்தகத்தில் படித்த ஞாபகம் எனக்கு இல்லை. ஒரு நாவல்தான் கையைப் பிடித்து அங்கே கூட்டிப் போனது. நாவல் வாசகர்கள் சரித்திரத்துக்குப் போக இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. முதலில் ஒரு சரித்திர நாவல், அது கிளப்பிவிடும் கேள்வி சூடு ஆறுவதற்குள் ஒரு சரித்திர நூல்.

இந்த இடத்தில் ஒன்று சொல்லியாக வேண்டும். மலேசியத் தமிழ் எழுத்தாளர்களின் புத்தகங்கள் கடையில் எளிதாகக் கிடைப்பதில்லை. நூல் வெளியீட்டுக்குப் போய் வாங்க வேண்டும், அல்லது எழுதியவரிடமே கேட்டு வாங்க வேண்டும். கேட்டால் சந்தோஷமாக அனுப்புவார்கள். பணத்தை முன்னதாகவே போட்டுவிடுங்கள், தபால் செலவையும் சேர்த்து.

கம்யூனிஸ்டுகளோடு அரசாங்கம் போரிட்ட மலாயா அவசரகாலத்தைப் பற்றிய ஆங்கில நூல் ஒன்றை மகள் பல்கலைக்கழக விடுமுறைக்கு வந்தபோது கொண்டுவந்தாள். தடிமனான புத்தகம். நான் அதை முன்பக்கத்திலிருந்து தொடங்கவில்லை. கடைசியில் உள்ள பெயர் அடைவில் 'சுங்கை சிப்புட்' என்று தேடினேன். இருந்தது, ஒன்றல்ல, பல பக்க எண்கள். 1948 ஜூன் 16 காலையில் எங்கள் ஊரைச் சுற்றிய இரண்டு தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதைத் தொடர்ந்து மலாயா முழுக்க அவசரகாலம் வந்தது, 1960 ஜூலை 31 வரை நீடித்தது. இது ஊரில் எல்லோருக்கும் மேலோட்டமாகத் தெரிந்த கதை. எனக்குப் புதிதாகக் கிடைத்தது வேறு.

அவசரகாலத்தை மலாய்ச் சொல்லில் டாரூராட்டு என்பார் பாட்டி. அடிக்கடி சொல்வார்: "டாரூராட்டு காலத்துல கடைக்காரன் சாடின் டின்ன ஓட்ட போட்டுத்தான் குடுப்பான்." அது ஏதோ அந்தக் கடைக்காரரின் குணம் என்று நாங்கள் நினைத்திருந்தோம். புத்தகத்தில் காரணம் இருந்தது. காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகளுக்குச் சாப்பாடு போய்ச் சேரக்கூடாது என்று பல வட்டாரங்களில் அரிசியை அளந்துதான் கொடுத்தார்கள். பால்வெட்டப் போகிறவர்கள் கட்டுச்சோறு கொண்டுபோகத் தடை. டின் உணவை விற்கும்போதே துளை போட்டுவிட வேண்டும், அப்போதுதான் அதைச் சேர்த்துவைத்துக் காட்டுக்குக் கொடுத்தனுப்ப முடியாது. படித்துக்கொண்டிருந்தவள் எழுந்து நின்றுவிட்டேன். பாட்டி சொன்ன ஒற்றை வரி ஒரு அரசாங்கத்தின் போர்த் திட்டத்தில் ஒரு பகுதி.

எண்பதைத் தாண்டிய பெரியப்பாவிடம் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போனேன். அவருக்கு ஆங்கிலம் வராது. நான் பத்தி பத்தியாகத் தமிழில் சொல்ல, அவர் கேட்டுக்கொண்டே வந்தார். வேலி வாசலில் சோதனை போடும் இடம் வந்ததும், "பால் வாளியோட மூடியக்கூடத் தொறந்து பாப்பானுங்க, ஆயி இடுப்புல முடிஞ்சிருக்கிற வெத்திலப் பையையும் அவுக்கச் சொல்லுவானுங்க" என்றார். அது எந்தப் புத்தகத்திலும் இருக்கப் போவதில்லை. அன்றிலிருந்து சரித்திரம் படிக்கும்போது பக்கத்தில் ஒரு நோட்டு வைத்துக்கொள்கிறேன். புத்தகம் சொல்வது ஒரு பக்கம், பெரியவர்கள் சொல்வது எதிர்ப் பக்கம். உங்கள் வீட்டில் வயதானவர்கள் இருந்தால் இதை நாளைக்கு என்று தள்ளிப்போடாதீர்கள்.

அறிவியல் நூல்தான் எனக்கு மிகத் தூரம் என்று நினைத்திருந்தேன். ரப்பரைப் பற்றிய ஒரு நூல் ஆபீஸ் அலமாரியிலேயே தூசி பிடித்துக் கிடந்தது. தோட்டம் செம்பனைக்கு மாறிய பிறகு அதை யாரும் தொடவில்லை. அதையும் முதல் அத்தியாயத்திலிருந்து படிக்கவில்லை, பால்வெட்டு அத்தியாயத்தைத் திறந்தேன். எனக்குக் கண்ணால் பார்த்துத் தெரிந்த வேலை. அதில் லத்தீன் பெயர் எத்தனை வந்தாலும் நான் தொலைந்து போக மாட்டேன் என்ற தைரியம் இருந்தது.

ஏன் விடியுமுன் வெட்ட வேண்டும்? இரவில் இலைகள் நீரை அதிகம் வெளியே விடுவதில்லை, அதனால் மரத்துக்குள் நீர் நிறைந்து பால் குழல்களில் அழுத்தம் உச்சத்தில் இருக்கும். வெயில் ஏறினால் இலை வழியே நீர் போகும், அழுத்தம் குறையும், பால் ஓட்டமும் குறையும். நான் குழந்தையாக இருந்தபோது ஆயாக்கொட்டகையில் என்னை இருட்டோடு விட்டுவிட்டுப் போனதற்கு ஒரு மரத்தின் உடம்புக்குள்ளே காரணம் இருந்திருக்கிறது.

அன்றைக்கு அம்மாவிடம் நாளிதழின் வெள்ளை ஓரத்தைக் காட்டி, மரத்தில் வெட்டு எப்படிப் போகும், போட்டுக் காட்டுங்கள் என்றேன். பேனாவை அவர் பால்வெட்டும் கத்தியைப் பிடிப்பதுபோலப் பிடித்தார். இடது மேலிலிருந்து வலது கீழாக ஒரு கோடு, நடுக்கமே இல்லாமல். "எடது பக்கம் ஏத்தம், வலது பக்கம் எறக்கம். மாத்தி வெட்டினா பால் கொறையும், கங்காணி திட்டுவாரு" என்றார். ஏன் என்று கங்காணி சொன்னாரா என்று கேட்டேன். அதெல்லாம் யார் சொல்வார்கள் என்றார். புத்தகம் சொல்கிறது: பால் குழல்கள் தண்டில் நேராக ஏறுவதில்லை, சற்றே சாய்ந்து சுற்றிச் சுற்றி ஏறுகின்றன. அம்மா போட்ட கோட்டின் வழியில் வெட்டினால்தான் அதிகக் குழல்கள் அறுபடும். ஏறக்குறைய 30 பாகைச் சாய்வு. கோணமானியை வைத்துப் பார்க்கலாம் என்று மகள் எழுந்தாள், நான் வேண்டாம் என்றேன். அம்மாவுக்குத் தமிழில் விளக்கியபோது கொஞ்ச நேரம் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அப்ப மரத்துக்குள்ளயும் சுத்திச் சுத்தித்தான் ஓடுதா?" என்று கேட்டார். வாழ்நாள் முழுக்க அந்த மரத்தை வெட்டியவருக்கு அதன் உள்ளே என்ன நடக்கிறது என்று யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் போகவில்லை.

அந்த நூலின் மற்ற அத்தியாயங்களுக்கும் பிறகு போனேன். 1876இல் பிரேசிலிலிருந்து இங்கிலாந்துக்குப் போன ஏறக்குறைய 70,000 விதைகள், அவற்றில் முளைத்த கொஞ்சம் நாற்றுகள், 1877இல் சிங்கப்பூருக்கு வந்த 22, அவற்றிலிருந்து கோலக்கங்சாருக்கு வந்த 9. கோலக்கங்சார் எங்களுக்குப் பக்கத்து ஊர். அங்கே சாலையோரம் வேலி போட்டு வைத்திருக்கும் பழைய ரப்பர் மரத்தை எத்தனையோ தடவை காரில் கடந்திருக்கிறேன். இந்தத் தடவை அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய் இறங்கிப் பார்த்தேன். அவர் பட்டையைப் பார்த்து, நல்லா வெட்டியிருக்க மாட்டானுங்க என்று தீர்ப்புச் சொன்னார்.

எல்லா வகையும் எனக்குப் பிடிக்கவில்லை. அறிவியல் புனைகதையில் மூன்று நான்கு புத்தகம் எடுத்துப் பார்த்தேன், ஒட்டவில்லை. புதுக்கவிதையில் சிலது மட்டும் பிடிக்கிறது. பிடிக்காததை முடித்தே தீருவது என்ற வைராக்கியம் வாசிப்பைக் கொன்றுவிடும் என்பது என் கருத்து. ஐம்பது பக்கம் கொடுத்துப் பாருங்கள். அதற்குள் ஒரு மனிதராவது, ஒரு தகவலாவது உங்களை இழுக்கவில்லை என்றால் மூடிவிட்டு வேறு எடுங்கள். அதற்காகத்தான் இரவல் நல்லது என்கிறேன். பழக்கமில்லாத வகையை முதலில் நூலகத்திலிருந்தோ நண்பரிடமோ எடுங்கள், பிடித்தால் அதே எழுத்தாளரின் அடுத்த புத்தகத்தைக் காசு கொடுத்து வாங்குங்கள். மலேசியாவில் வருமான வரி கட்டுகிறவர்கள் ரசீதைப் பத்திரமாக வையுங்கள். 2,500 வெள்ளி (ரிங்கிட்) வரையுள்ள வாழ்க்கைமுறைக் கழிவில் புத்தகங்களும் சேரும்.

பழைய வகையை விட்டுவிடவும் வேண்டாம். ஒரு கனமான புத்தகத்துக்கும் அடுத்ததற்கும் நடுவில் நான் குடும்ப நாவல் ஒன்று படிப்பேன். அது மூச்சு வாங்கிக்கொள்ள.

புத்தகமே தொடாதவர்கள் வீட்டில் இருந்தால் எழுத்திலிருந்து தொடங்காதீர்கள். என் கணவர் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறார். வீட்டுக்கு வந்தால் கண்ணைத் திறந்து வைப்பதே பாடு. அவருக்கு லாட் வரைந்த 'கம்போங் போய்' வாங்கிக் கொடுத்தேன், 1979இல் வந்த படக்கதை. லாட் நம் பேராக்காரர். அதில் பையன்கள் ஈயம் தோண்டும் கப்பலுக்குப் பக்கத்தில் போய் ஈயம் அரிக்கிற பக்கங்கள் உண்டு. என் மாமனார் அப்படி ஒரு கப்பலில் வேலை பார்த்தவர். கணவர் அந்தப் பக்கங்களை விரலால் தடவித் தடவிப் பார்த்தார். அப்புறம் எங்கள் மகனைக் கூப்பிட்டு, தாத்தா வேலை செய்த இடம் இப்படித்தான் சத்தம் போடும் என்று வாயாலேயே சத்தம் போட்டுக் காட்டினார். இப்போது லாட்டின் மற்ற புத்தகங்களை அவரே தேடுகிறார்.

நேரம் எங்கே என்று கேட்பார்கள். எனக்கும் கிடையாது. புதுவகைப் புத்தகத்துக்குப் பகல் வெளிச்சத்தில் ஐந்தாறு பக்கம் ஒதுக்குகிறேன், சாப்பாட்டு நேரத்தில். இரவுக்கு வைத்தால் தூக்கம் ஜெயிக்கும், பழகிய புத்தகம்தான் இரவுக்குச் சரி. அப்புறம், கூடப் படிக்க ஒருவரைத் தேடிக்கொள்ளுங்கள். அந்த வகையை ஏற்கெனவே அறிந்தவராக இருந்தால் இன்னும் நல்லது. காக் இல்லாமல் அந்த மலாய் நாவலை நான் பாதியில் வைத்திருப்பேன். பதிலுக்கு அவர் 'நினைவுச் சின்னம்' கதையைக் கேட்டார். சாப்பாட்டு நேரங்களில் அத்தியாயம் அத்தியாயமாக மலாயில் சொல்லி வருகிறேன். அடுத்து என்ன ஆச்சு என்று காலையில் கைப்பையை வைக்கும்போதே கேட்கிறார்.

எங்கள் ஊருக்கு மேலே, ஆறு வரும் வழியில் தெமியார் பழங்குடி மக்களின் கிராமங்கள் இருக்கின்றன. சனிக்கிழமைகளில் பட்டணத்துக்குச் சாமான் வாங்க வருவார்கள், அதே கடையில் நானும் நிற்பேன். பழங்குடி மக்களில் ஒருவரே எழுதிய நாவல் இருக்கிறதா என்று தேடினேன். இருக்கிறது. பேராக்கைச் சேர்ந்த செமாய் எழுத்தாளர் அக்கியா மலாயில் எழுதிய 'பெராங் சங்கில்', பழங்குடிகளை அடிமைகளாகப் பிடித்துப் போன காலத்தைப் பற்றியது, 2007இல் வந்தது. காக் ஈப்போவில் இருக்கும் தன் அக்காவிடம் சொல்லிவைத்திருக்கிறார். கிடைத்ததும் நாங்கள் இருவரும் சேர்ந்தே தொடங்குவதாகப் பேச்சு. அவருக்கும் அது புதிது என்பதால் இந்தத் தடவை யார் யாருக்கு விளக்கப் போகிறோம் என்று தெரியவில்லை.